வளைவில் தெரியும் குணம்

பந்தயக் கார்களை ஒத்த விரைவு வண்டிகளின் குணத்தை நேர்ச்சாலை காட்டாது, வளைவே காட்டும்.

1961-இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப்பில் எஞ்சின் முன்புறம் உள்ளது. ஓட்டுபவர் பின்சக்கரங்களுக்குச் சற்றே முன்னால் அமர்ந்து, நீண்ட முகப்பை வளைவுக்குள் செலுத்துகிறார். அப்போது வேக மிதியை மிகுதியாக அழுத்தினால் பின்சக்கரங்கள் வழுக்கும்.

1963-இல் காட்சிக்கு வந்த போர்ஷே 911-இலோ எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அப்பாரத்தால் பின்சக்கரங்கள் சாலையை இறுகப் பற்றுகின்றன. ஆயினும், வளைவின் நடுவே அஞ்சி மிதியிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால், வண்டியின் பின்பகுதி வெளிப்புறம் வீசிவிடும். 1968-இல் முன்பின் அச்சுகளின் இடைவெளியை 57 மில்லிமீட்டர் கூட்டி இக்குறையைத் தணித்தனர்.

முன்னதில் பேராசை ஆபத்து. பின்னதில் அச்சம் ஆபத்து. இரண்டுக்கும் காப்பு ஒன்றே: வளைவு வருமுன்னரே வேகத்தைக் குறைத்துவிடுதல்.