தோலில் இட்ட குறியும் இருதயமும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)





சபைகளுக்குச் செல்லும்போது பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள்: "ஐயா, பையன் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து நிற்கிறான். இது பாவமா, இல்லையா?" வார்டில் இதே கேள்வி வேறு முகத்தோடு வருகிறது. கிராமத்துத் தாய்மார் சிலரின் முழங்கை வரை பச்சைக் குறிகள் இருக்கும். சிறுவயதில் பெரியவர்கள் பிடித்து உட்காரவைத்துக் குத்திவிட்ட கோலமும் சாமி பெயரும் அவை. ஜெபிக்கும்போது முந்தானையால் கையை மூடிக்கொள்வார்கள். "இந்தக் கையை நீட்டி நற்கருணை வாங்கலாமா ஐயா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆகவே இது நாகரிகத்தைப் பற்றிய கேள்வி மாத்திரமல்ல. ஓர் ஆத்துமா கர்த்தருடைய பந்திக்கு வருவதா, வெளியே நிற்பதா என்கிற கேள்வி.

வேதத்தைப் பார்ப்போம். லேவியராகமம் 19:28, இறந்தவர்களை முன்னிட்டு உடலைக் கிழித்துக்கொள்வதையும், தோலில் குறி இடுவதையும் இஸ்ரவேலருக்குத் தடைசெய்கிறது. சுற்றிலும் இருந்த ஜாதிகளின் துக்கச் சடங்குகளிலிருந்து அவர்களைப் பிரித்தெடுப்பது அதன் நோக்கம் என்று வேத அறிஞர் பலர் விளக்குகிறார்கள். அதற்கு முந்தின வசனம் தாடியின் ஓரங்களைச் சிரைக்க வேண்டாம் என்கிறது. சவரம் செய்யும்போது நம்மில் எத்தனை பேர் அதை நினைக்கிறோம்? ஒரு வசனத்தைப் பிடித்து மற்றதை விடுவது நியாயமல்ல.

காது, மூக்குக் குத்துவதைப் பற்றியோ வேதம் சகஜமாகவே பேசுகிறது. ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்கு மூக்கணி கொடுத்தான் (ஆதி. 24:47). யாத்திராகமத்தில் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். 32ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அது பொன் கன்றுக்குட்டியாயிற்று. 35ஆம் அதிகாரத்திலும் காதணிகளைக் கொண்டுவந்தார்கள். அது ஆசரிப்புக் கூடாரத்துக்குக் காணிக்கையாயிற்று. பொன் மாறவில்லை, இருதயம் மாறியது.

திருச்சபையும் எங்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர், குற்றவாளிகளின் முகத்தில் குறி இடக்கூடாது என்று சட்டம் செய்தார். முகம் தெய்வீக சாயல் கொண்டது என்பது காரணம். எகிப்திலுள்ள கோப்து கிறிஸ்தவர்களோ மணிக்கட்டில் சிறு சிலுவையைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். பிறர் நடுவில் தாங்கள் யாருடையவர்கள் என்பதற்கு அது அவர்களுடைய சாட்சி.

நம் திருநெல்வேலிச் சீமையில் பாம்படம் அணியக் காதுகளைத் தோள்வரை வளர்த்த காலம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நாசரேத்தில் ஊழியம் செய்த மர்காஷிஸ் ஐயர் இப்பழக்கத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். நீண்ட காதுகளைத் தைத்துச் சரிசெய்யும் சிகிச்சை அந்நாட்களின் மிஷன் மருத்துவப் பணியில் ஒன்றாயிருந்தது. இன்றும் நம் சபைகளில் பல குடும்பங்கள் பிள்ளைக்குக் காது குத்துகின்றன; பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றிலோ நகையையே கழற்றிவிடுகிறார்கள். இரு சாராரும் ஒரே ஆண்டவரையே தொழுகிறார்கள்.

அப்படியானால் எதுவும் செய்யலாமா? அப்படியல்ல. சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். வாலிபப் பிள்ளைகளே, ஊசிக்குக் கை நீட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருக்காக இதைச் செய்கிறேன்? 20 வயதில் எழுதுவதை 60 வயதிலும் சுமப்பேனா? இந்த ஊசி யார் மேல் பட்டது?

கடைசிக் கேள்வியை மருத்துவமனையிலிருந்து அழுத்திச் சொல்கிறோம். திருவிழாக் கடையில் ஒரே ஊசியாலும் ஒரே மைக்கிண்ணத்தாலும் பலருக்குக் குத்தினால், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் பரவக்கூடும். காதின் மேல்புறக் குருத்தெலும்பில் குத்திய துளை சீழ்ப்பிடித்தால் காதின் வடிவமே கெட்டுப்போகலாம். இன்னொன்று: நம் நாட்டு விதிகளின்படி, பச்சை குத்தியவரும் உடலில் துளையிட்டவரும் 12 மாதங்கள் இரத்ததானம் செய்யக்கூடாது. முகாமுக்கு வரும் சபை வாலிபர்கள் இதை மறைக்காமல் சொல்லும்படி வேண்டுகிறோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குறி விழுந்த பின்பு வீட்டுக் கதவை அடைக்காதிருங்கள். தோலைப் பார்த்துத் தள்ளப்பட்ட பிள்ளை, ஆலயத்துக்குள் திரும்ப வருவது கடினம். மனுஷன் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறான், கர்த்தரோ உள்ளத்தைப் பார்க்கிறார் என்பதைச் சாமுவேலும் ஈசாயின் வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முந்தானையால் கையை மூடும் தாய்க்கு நாங்கள் சொல்லும் பதில் இதுவே: "அம்மா, தேவன் தம் ஜனத்தைத் தமது உள்ளங்கைகளிலேயே வரைந்து வைத்திருப்பதாக ஏசாயா சொல்கிறார். ஆணி பாய்ந்த கைகளை உடையவர் உங்கள் கையைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார். தைரியமாய் நீட்டுங்கள்."

அப்படி நீட்டப்படும் கைகளை நம் சபைகளும் பற்றிக்கொள்ள ஆண்டவர் கிருபை செய்வாராக. ஆமென்.