கேட்டுவிட்டு நிறுத்துவோம்

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் கணினிப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இரண்டு மாணவர்கள். ஒருநாள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளி நூலகப் புத்தகப் பட்டியலை லினக்ஸில் உள்ள நானோ என்னும் சிறிய உரைத் தொகுப்பானில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நூறு தலைப்புகளுக்கு மேல் அடித்துவிட்டாள், இடையில் சேமிக்கவில்லை. திடீரென்று திரை அசையவில்லை. "சார், மாட்டிக்கிச்சு" என்று கூப்பிட்டாள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. நான் அவசரமாக இன்னொரு முனையச் சாளரத்தைத் திறந்து, நானோவின் எண்ணைப் பார்த்து, கில் -9 கொடுத்தேன். நானோ மூடிக்கொண்டது. அவள் அடித்த அத்தனையும் போயிற்று. கணினியோ முன்போலவே திணறியது. காரணம் நானோ இல்லை. பக்கத்து மாணவி சற்று முன் வேறொரு சாளரத்தில் ஓடவிட்ட பைத்தான் நிரல், முடிவில்லாச் சுழலில் சிக்கி, ஒரு பட்டியலில் எண்களைச் சேர்த்துக்கொண்டே போய் நினைவகத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்த மாணவி என்னிடம் கேட்டாள்: "சார், மூடறதுக்கு முன்னாடி சேமிச்சுக்கோன்னு அதுகிட்ட சொல்ல முடியாதா?" அவள் அப்பா இங்கே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். "எங்கப்பா லைன்ல மெஷினை நிறுத்தறதுக்கு ரெண்டு வழி இருக்காம் சார். சிவப்புப் பட்டனை அவசரத்துக்குத்தான் அழுத்துவாங்களாம்" என்றாள்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த உரை.

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இயக்க அமைப்பு என்ற பாடம் இருக்கிறது. முதலில் வந்தது முதலில், குறுகிய பணி முதலில், வட்டவரிசை முறை என்றெல்லாம் செயல்முறைகளுக்கு நேரம் ஒதுக்கும் வழிகளை அதில் நடத்துகிறோம். மாணவர்களும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயல்முறையைக் கண்ணால் பார்த்த மாணவர் எத்தனை பேர்?

வட்டில் உறங்கும் கோப்பு நிரல். அது நினைவகத்துக்கு வந்து ஓடத் தொடங்கினால் செயல்முறை. ஒரே நிரலை மூன்று சாளரங்களில் திறந்தால் மூன்று செயல்முறைகள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. தொழிற்சாலை வாயிலில் ஒவ்வொரு பணியாளருக்கும் ஓர் எண் இருப்பதுபோல. அதைப் பிறப்பித்த தாய்ச் செயல்முறையின் எண்ணும் கூடவே பதிவாகிறது.

எனவே முதல் வேலை, பார்ப்பது. முனையத்தில் டாப் என்று அடித்தால் ஓடுபவை எல்லாம் சில நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வரிசையாகத் தெரியும். பெரிய எழுத்தில் எம் அழுத்தினால் நினைவகத்தை அதிகம் எடுப்பது மேலே வரும். பெரிய எழுத்தில் பி அழுத்தினால் செயலியை அதிகம் எடுப்பது மேலே வரும். கியூ அழுத்தினால் வெளியே வரலாம். அன்று நான் பத்து நொடி இதைப் பார்த்திருந்தால் பைத்தான் முதல் வரியிலேயே நின்றிருக்கும்.

அதே திரையில் நிலையைக் காட்டும் ஓர் எழுத்தும் இருக்கும். ஆர் என்றால் ஓடுகிறது, அல்லது தன் முறைக்குக் காத்திருக்கிறது. எஸ் என்றால் ஏதோ ஒரு நிகழ்வுக்காக உறங்குகிறது. பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும், அது பழுதில்லை. டி என்றால் வட்டு போன்ற கருவியின் பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்தப் பதில் வரும்வரை 9ஆம் எண்ணும் பொதுவாக அதை அசைக்காது. பழுதான பென் டிரைவைச் செருகிய கணினியில் இதைப் பார்க்கலாம். இசட் என்றால் ஜாம்பி. மாணவர்கள் சிரிப்பார்கள். அது முன்பே முடிந்துபோன செயல்முறை. அதன் முடிவுக் குறிப்பைத் தாய்ச் செயல்முறை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். முடிந்துபோனதை மறுபடி முடிக்க முடியாது.

இரண்டாவது வேலை, சொல்வது. கில் என்ற பெயரைக் கேட்டு அது கொல்வதற்கான கட்டளை என்று நினைக்கிறோம். உண்மையில் அது சமிக்ஞை அனுப்பும் கட்டளை. லினக்ஸில் அறுபதுக்கு மேற்பட்ட சமிக்ஞைகள் உள்ளன. எண் எதுவும் குறிப்பிடாமல் கில் என்று அடித்துச் செயல்முறையின் எண்ணைக் கொடுத்தால் 15ஆம் சமிக்ஞை போகும். "முடித்துக்கொள்" என்பது அதன் பொருள். அதைப் பெறும் நிரல், தன்னை எழுதியவர் அதற்கு ஏற்பாடு செய்திருந்தால், திறந்த கோப்புகளை ஒழுங்குசெய்துவிட்டு வெளியேறும். 9ஆம் சமிக்ஞை அப்படியில்லை. அது நிரலின் காதுக்கே போகாது. இயக்க அமைப்பின் கருவே செயல்முறையை அகற்றிவிடும். சேமிக்க அவகாசம் கிடையாது.

இதை வகுப்பில் பத்து நிமிடத்தில் செய்துகாட்டலாம். ஒரு முனையத்தில், கோப்புக்கு ஒரு பெயர் கொடுத்து நானோவைத் திறந்து நான்கு வரி அடியுங்கள், சேமிக்க வேண்டாம். இன்னொரு முனையத்தில் அதன் எண்ணைக் கண்டுபிடித்து, கில் மட்டும் கொடுங்கள். நானோ மூடும். கோப்புறையைப் பாருங்கள்: நீங்கள் கொடுத்த பெயரின் பின்னே 'சேவ்' என்ற ஒட்டுடன் ஒரு கோப்பு இருக்கும். நான்கு வரியும் அதற்குள் இருக்கும். இப்போது வேறு பெயரில் அதையே செய்து, கில் -9 கொடுங்கள். எதுவும் இருக்காது. அன்று நான் எண் போடாமல் விட்டிருந்தால், தவறான செயல்முறையை மூடியிருந்தும்கூட, அந்தப் பெண்ணின் பட்டியல் பிழைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா நிரலும் நானோ போல நடந்துகொள்ளாது. நம் மாணவர்கள் எழுதும் சாதாரணப் பைத்தான் நிரல் 15 வந்தால் எதையும் சேமிக்காமல் நின்றுவிடும். ஆகவே 'அடிக்கடி சேமி' என்ற பழைய பாடம் அப்படியே இருக்கட்டும்.

மாணவியின் அப்பா சொன்னதும் இதுதான். இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 60204-1, நிறுத்தங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. வகை 0, மின்சாரத்தை உடனே துண்டிப்பது. வகை 1, மின்சாரம் இருக்கும்போதே இயந்திரத்தை முறையாக நிறுத்தி, நின்ற பிறகு துண்டிப்பது. வகை 2, நின்ற பிறகும் மின்சாரத்தைத் தொடர விடுவது. நம் 9 முதல் வகை. 15 இரண்டாம் வகைக்கு நெருக்கம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெற்றோர் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒப்புமையை விளக்கவே வேண்டாம். அவர்களே நமக்கு விளக்குவார்கள்.

மூன்றாம் வகைக்கும் கணினியில் இணை உண்டு. முனையத்தில் கண்ட்ரோல்–சி அழுத்தினால் நிரலுக்கு நிறுத்தச் சொல்லிச் சமிக்ஞை போகும். கண்ட்ரோல்–இசட் அழுத்தினால் நிரல் முடியாது. நின்ற இடத்திலேயே நிற்கும், நினைவகத்தையும் விடாது. மாணவர்கள் பலர் இதை 'வெளியேறு' என்று நினைத்து அழுத்திவிட்டு, அதே நிரலை மறுபடி ஓட்டுகிறார்கள். ஜாப்ஸ் என்று அடித்துப் பார்த்தால் ஐந்தாறு நிரல்கள் நின்றுகொண்டிருக்கும். எஃப்.ஜி. என்று அடித்தால் ஒன்று முன்னே வரும்; பிறகு அதை முறையாக முடிக்கலாம்.

மூன்றாவது வேலை, காத்திருப்பது. 15 அனுப்பியபின் சில நொடியாவது பொறுங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் 9. கணினியை முறையாக அணைக்கும்போது லினக்ஸும் இந்த வரிசையில்தான் செய்கிறது: முதலில் எல்லோருக்கும் 15, பிறகு அவகாசம், கடைசியில் 9. மின்பொத்தானை அமுக்கிப் பிடிப்பதில் இந்த எதுவும் நடப்பதில்லை.

விண்டோஸ் மட்டும் வைத்திருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதிலும் கட்டளை வரியில் டாஸ்க்லிஸ்ட் அடித்தால் ஓடுபவை தெரியும். டாஸ்க்கில் என்பது மூடச் சொல்லும்; அதோடு சாய்கோடும் எஃப் என்ற எழுத்தும் சேர்த்தால் வலுக்கட்டாயமாக மூடும். எமிஸ் விவரங்களைப் பதியும்போது உலாவி திணறினால், முதலில் எது திணறுகிறது என்று பாருங்கள். எஃப் சேர்ப்பது கடைசியில்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மடிக்கணினிகளில் வந்தது நினைவிருக்கும். பல வீடுகளில் அந்தப் பக்கம் திறக்கப்படவே இல்லை. கருவி கையில் இருந்தும், அதற்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க நாம் சொல்லித்தரவில்லை.

எங்கள் ஆய்வகச் சுவரில் இப்போது மூன்று சொற்கள் ஒட்டியிருக்கிறோம்: பார், சொல், காத்திரு. எழுதி ஒட்டியவள் அதே மாணவிதான். நூலகப் பட்டியலை அவள் இரண்டு நாள் மாலையில் இருந்து மறுபடி அடித்து முடித்தாள். பத்துத் தலைப்புக்கு ஒருமுறை சேமித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகப் பெயர்களை வாசித்துக் கொடுத்தேன்.