உங்கள் கருவியின் எண் உங்களிடம் இருக்கிறதா?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரே கம்பெனி, ஒரே நிறத்தில் நான்கு ஸ்கூட்டர்கள் பார்க்கிங்கில் நின்றாலும் நாம் குழம்புவதில்லை. நம்பர் பிளேட் இருக்கிறது. அதைக் கழற்றினாலும் சேசிஸில் பொறித்த எண் இருக்கிறது. அந்த எண் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருப்பதால்தான் வண்டி உங்களுடையது என்று நிரூபிக்க முடிகிறது. மின்னணுக் கருவிகளுக்கும் இப்படி ஓர் எண் உண்டு. ஆனால் அதைக் குறித்து வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இப்போதே உங்கள் கைபேசியில், யாரையோ அழைப்பதுபோல *#06# என்று தட்டுங்கள். 15 இலக்கத்தில் ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். முதல் 8 இலக்கங்கள் எந்த மாடல் என்று சொல்லும். அடுத்த 6 இலக்கங்கள் உங்கள் போனுக்கே உரியவை. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. எழுதும்போது ஓர் இலக்கம் தவறினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

சிம்மை மாற்றினாலும் இந்த எண் மாறாது. நெட்வொர்க் இதைப் போனிடமிருந்தே படித்துக்கொள்கிறது. அதனால்தான் தொலைந்த போனை முடக்க முடிகிறது. போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலுடன் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் விண்ணப்பியுங்கள். அதன்பின் வேறு எந்த சிம்மைப் போட்டாலும் நம் நாட்டு நெட்வொர்க்குகளில் அந்தப் போன் வேலை செய்யாது. திரும்பக் கிடைத்தால் தடையை நீக்கிக்கொள்ளலாம். ஆனால் எண் வேண்டுமே! போனும் போய், பெட்டியும் பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தால் என்ன செய்வது?

பழைய போன் வாங்குகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் அதே தளத்தில் எண்ணைச் சரிபாருங்கள். இந்த எண்ணைத் திருத்துவது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அடுத்து, நம் பொதுப்பணத்தில் வாங்கும் பொருள்கள். நெட்வொர்க்கில் இணையும் சிசிடிவி கேமரா ஒவ்வொன்றுக்கும் 12 எழுத்து, எண் கொண்ட 'மேக்' முகவரி உண்டு. பொதுவாக அதன் முதல் பாதி தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். மறுபாதி அந்தக் கேமராவுக்கு உரியது. வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் வெயிலில் மங்கும், உரிந்தும் போகும். கேமராவின் செட்டிங்ஸ் பக்கத்தில் அந்த எண் அப்படியே இருக்கும்.

கேமரா சர்வீசுக்குப் போனால், போகும்போதும் வரும்போதும் இந்த எண்ணையும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம்முடையதே திரும்பி வந்ததா என்று அப்போதே தெரிந்துவிடும். உள்ளே போர்டை மாற்றினால் மேக் முகவரி மாறக்கூடும். எனவே என்ன மாற்றினார்கள் என்பதையும் புதிய எண்ணையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த எண் அடையாளம்தானே தவிர, பூட்டு அல்ல. மேக் முகவரியை மென்பொருள் கொண்டு மாற்றிக் காட்ட முடியும். ஆகவே கேமராவின் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். எண்களைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. வீட்டில் உள்ள போன், லேப்டாப், டிவி ஆகியவற்றின் எண்களை ஒரு நோட்டில் எழுதி, பில்லுடன் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனையும் மறக்க வேண்டாம். சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு தொடங்குவோம்: பொருள், பொருத்திய இடம், சீரியல் எண், மேக் முகவரி, வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி. நிர்வாகிகள் மாறினாலும் பதிவேடு கைமாறி வரும்.

இன்று வீட்டுக்குப் போனதும் முதல் எண்ணை எழுதிவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.