நோவைச் சொல்ல ஓர் இடம்

(சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுவிழா மேடையிலே சமயம், மொழி, கல்வி என்பனவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாமோ நாரி நோவையும் கால் உளைவையும் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். சபையிலே சிலர் புன்முறுவல் செய்வது தெரிகின்றது. ஆனால் இம்மண்டபத்தில் இருப்போருள் எத்தனை பேர் நேற்றிரவு நோவினால் இடையில் விழித்தெழுந்தீர்கள் என்று கேட்டு, கையை உயர்த்துமாறு வேண்டினால், அப்புன்முறுவல் நில்லாது. அவ்வாறு கேட்கப் போவதில்லை. கேட்டாலும் கை உயர்த்துவோர் சிலரே என்பது எமக்குத் தெரியும். ஏன் உயர்த்த மாட்டார்கள் என்பதே இன்றைய பேச்சு.

மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் நோவையோ விட்டு விட்டுத் திரும்ப வரும் நோவையோ நாட்பட்ட நோ என்று வைத்தியர்கள் கூறுவர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலே, 2022 ஆம் ஆண்டு முதல் அதற்குத் தனியிடம் உண்டு. சாதாரண நோ ஒரு காவல் நாய். கள்ளன் வந்தால் குரைக்கும். அவன் போனபின் ஓய்ந்துவிடும். ஒருமுறை கடுமையாக மிரண்ட நாயோ, அதன்பின் சருகு விழுந்தாலும் குரைக்கும். நாட்பட்ட நோவுடையவரின் நரம்புகளிற் பலவேளை நிகழ்வது இதுவே. காயம் ஆறியிருக்கும்; படத்தில் ஒன்றும் தெரியாது; நோ மட்டும் மெய்யாக இருக்கும். "படத்திலே ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டதும், வீட்டார் "ஒன்றுமில்லையாம்" என்று அதனைத் திருப்பிச் சொல்கின்றனர். அன்றிலிருந்து அம்மனிதர் நோவோடு பொய்யர் என்ற பெயரையும் சுமக்கின்றார்.

வன்னியில் இதற்குரிய காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை, செஞ்சிலுவைச் சங்கம் முல்லைத்தீவுக் கரையிலிருந்து கடல்வழியாகக் கொண்டு சென்ற காயமுற்றோரும் நோயாளரும் அவர்தம் உறவினருமாகப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். கப்பலேற முடியாதோர் எத்தனையோ பேர். உயிர் தப்பியோரிற் பலருக்குச் செல் துண்டு இன்னமும் உடம்பினுள்ளேயே இருக்கின்றது. "எனக்குள்ளே பீஸ் இருக்கு" என்பது எமது ஊர்களிலே பனடோல் என்ற சொல்லைப் போலப் பழகிப்போன சொல். உடம்பில் இரும்பு இருப்பதனால் எம்.ஆர்.ஐ. படமும் பலருக்கு எடுக்க முடிவதில்லை. காலை இழந்தோருக்கு, இல்லாத காலின் பெருவிரல் நோகின்றது. முள்ளந்தண்டு வடம் அறுந்தோருக்கு, தொட்டால் உணர்ச்சியில்லாத தொடையிலே நெருப்புப் பட்டாற் போன்ற எரிவு. அவ்வாறு வடம் பாதிக்கப்பட்டோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் தீராத நோவுடன் வாழ்கின்றனர் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. இவற்றோடு போர் தராத நோக்களும் உண்டு: வயலிற் குனிந்து நாற்று நட்டவரின் நாரி, ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவளின் கழுத்து, சீமெந்து மூட்டை சுமந்தவரின் முழங்கால்.

இனி, ஏன் ஒருவரும் சொல்வதில்லை? வெட்கமும் சோம்பேறி என்ற பழிக்கு அஞ்சுதலும் எல்லா நாட்டிலும் உண்டு. எமது நாட்டிலே வேறொன்றும் உண்டு. இங்கே எல்லோரும் இழந்தவர்கள். மகனைப் பறிகொடுத்த தாய் அடுத்த வீட்டில் இருக்கும்போது, இவள் தன் தோள் நோவை எப்படிச் சொல்வாள்? ஒரு காலை இழந்தவர் இரு காலும் இழந்தவரைப் பார்த்து வாயை மூடிக்கொள்கின்றார். இரு காலும் இழந்தவரோ இறந்தவரை நினைத்து வாயை மூடிக்கொள்கின்றார். இவ்வாறு துன்பத்தைத் தராசிலிட்டு நிறுத்து நிறுத்து, ஊர் முழுவதும் மௌனமாகிவிட்டது. இது பெருந்தன்மை போலத் தோன்றும். எமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் பல்லைக் கடிப்பதனால் மற்றவருடைய நோ ஓர் இம்மியும் குறைவதில்லை.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்: ஊழ்வினை என்ற சொல்லையும் நாம் இவ்விடத்திற் சிறிது கவனமின்றிக் கையாளுகின்றோம். தன் வினையைத் தான் எண்ணித் தேறுதல் ஒருவருக்கு ஆறுதலாகலாம். அதே சொல்லை அயலவர் திண்ணையிலிருந்து சொன்னால் அது தீர்ப்பாகிவிடுகின்றது. நாம் பயின்றது பாதிரிமார் பள்ளிக்கூடம். அங்கே யோபு என்பவரின் கதை சொல்லித் தந்தார்கள். உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் இருந்த அவரைக் காண மூன்று நண்பர்கள் வந்து, ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாது அவரோடு தரையில் இருந்தார்களாம். அதன்பின் வாய் திறந்து, நீ செய்த பிழைதான் காரணம் என்று விளக்கத் தொடங்கினார்களாம். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

அந்த ஏழு நாளைப் போன்றதொரு கூட்டத்தைத்தான் இன்று துணைக்குழு என்கின்றோம். இது புதிய கண்டுபிடிப்பன்று. 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் என்னுமிடத்தில், லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் முள்ளந்தண்டுக் காயத்தாருக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் அத்தகையோர் இறக்கும்வரை படுத்திருக்க வேண்டியவர்கள் என்றே கருதப்பட்டனர். அவர் அவர்களை ஒருங்கே வைத்து உழைக்கவும் விளையாடவும் செய்தார். 1948 இல் அங்கே பதினாறு பேர் சக்கர நாற்காலியிலிருந்து அம்பெய்தனர். இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அது. அமெரிக்காவிலே பென்னி கோவன் என்ற பெண்மணி, தாமே நாட்பட்ட நோவினால் வருந்தியவர், 1980 இல் நோவுடையோர் சிலரைக் கூட்டினார். அது பின்னர் நாடளாவிய சங்கமாயிற்று. எமக்கு மிக அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு கேரளம். 1993 இல் கோழிக்கோட்டில் நோ தணிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கிற்று. பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அவ்வேலையை ஊரவரே ஏற்றனர். ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் பயிற்சி பெற்று, வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் நோயாளரின் வீடு தேடிப் போகின்றனர். அவர்களுக்கு இயன்றது எமக்கு இயலாததன்று.

வன்னியிலே தொடக்கம் இல்லாமலுமில்லை. மாங்குளத்திலே "உயிரிழை" என்ற அமைப்பு இருக்கின்றது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கான அமைப்பு. பாதிக்கப்பட்டோரே முன்னின்று நடத்துவது. படுக்கைப்புண் வராமற் காப்பது எப்படி என்பதை வைத்தியரும் சொல்வார். ஆயினும் பத்தாண்டு சக்கர நாற்காலியில் இருந்தவர் சொல்லும்போது அது வேறு விதமாகக் காதில் விழும். அதே மாங்குளத்தில் 2024 இல் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு திறக்கப்பட்டது. கையோ காலோ இழந்தோருக்கு யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் உண்டு. எஞ்சியிருப்போர், காயம் வெளியே தெரியாதவர்கள். சக்கர நாற்காலியும் இல்லை, பொய்க்காலும் இல்லை. ஆகவே அவர்களுக்குச் சங்கமும் இல்லை. அவர்களைப் பற்றியே எமது கவலை.

அத்தகைய குழுவில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். அழுது புலம்புவதற்கோ ஒரு கூட்டம் என்று ஒரு மூத்தவர் எம்மிடம் கேட்டார். முதல் நாள் அழுகையும் இருக்கலாம். அதன்பின் பெரும்பாலும் நடைமுறைப் பேச்சுத்தான். நோ குறைந்த நாளிலே, விட்டுப்போன வேலை முழுவதையும் ஒரே மூச்சிற் செய்து முடித்து, அடுத்த மூன்று நாள் பாயிற் கிடப்பது நோவாளர் அனைவரும் செய்வது. வேலையைப் பங்கு போட்டு, நோ தொடங்குமுன் ஓய்ந்து, நல்ல நாளிலும் தீய நாளிலும் ஏறத்தாழ ஒரே அளவாக உழைக்கப் பழக வேண்டும். கேட்க எளிது, மா இடிக்கும்போதும் கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதும் அதனை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதை, அதைச் செய்து பார்த்த இன்னொரு பெண்தான் சொல்ல முடியும். எந்தப் பேருந்திலே படி தாழ்வு, எந்த மருந்து வயிற்றைப் புண்ணாக்கிற்று, கணவனிடம் எப்படிச் சொன்னால் விளங்கும், இவையெல்லாம் அங்கே பேசப்படும்.

பேச்சினால் நோ குறையுமோ என்றால், அற்றுப்போகும் என்று நாம் சொல்லவில்லை. 1965 இல் மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர்கள், நோவின் செய்தி மூளைக்கு ஏறும் வழியிலே முள்ளந்தண்டு வடத்தில் ஒரு வாயில் போன்றது உண்டென்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அதனைத் திறக்கவோ சாத்தவோ வல்லன என்றும் கூறினர். அவர்கள் வரைந்த படத்தின் சில பகுதிகள் பின்னர் திருத்தப்பட்டன. ஆயினும் அச்சமும் தனிமையும் நோவைப் பெருக்கும், துணையும் உறக்கமும் அதைத் தணிக்கும் என்ற கருத்து நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டிற் பிறந்த வைத்திய அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், தொண்ணூறுகளிலே ஒரு கண்ணாடியைக் கொண்டு இல்லாத கையின் நோவைச் சிலருக்குத் தணித்துக் காட்டினார். இருக்கும் கையின் விம்பத்தைக் கண்ட மூளை, இழந்த கை அசைவதாக எண்ணிற்று. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. ஆனால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் விலைதான் செலவு. பழகிய ஒருவர் பக்கத்திலிருந்து காட்டித்தர வேண்டும்.

குழு என்ற பெயரிற் கேடும் வரலாம். எண்ணெய் விற்போரும் அற்புத மாத்திரை விற்போரும் நோவாளர் கூடுமிடத்தை ஈ போல மொய்ப்பர்; அவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். எனக்கே கூடுதல் நோ என்ற போட்டி கூடாது. அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. சிற்றூரிலே இதுவே மிகக் கடினம். திடீரெனக் கால் மரத்தால், சலம் போகாது நின்றால், காய்ச்சலுடன் முதுகு நொந்தால், அது குழுவுக்குரிய பேச்சன்று. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உயிர் வெறுத்தேன் என்று ஒருவர் சொன்னாலும் அவ்வாறே. அவரைத் தனியே விடாது கூட்டிச் செல்ல வேண்டும்.

குழுவைத் தேடுவோர் முதலில் ஆதார வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடமும் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். யார் யார் ஒரே நோவுடன் வருகின்றனர் என்பது அவர்களுக்குத் தெரியும். குழு இல்லையென்றால் நான்கு பேர் போதும் தொடங்குவதற்கு. அந்த நால்வருக்கு இடம் வேண்டும். ஆகவே சங்கத்திடம் எமது விண்ணப்பம் இது: மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் வாசிகசாலையைத் தாருங்கள். பெண்களுக்கு வேறொரு ஞாயிறு தாருங்கள். ஆண்கள் முன்னிலையில் அவர்கள் பேச மாட்டார்கள். கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கூட்டம் முடிய வேண்டும். வருவோரைத் தாங்கி வரும் மனைவிமாரும் தாய்மாரும் வெளியே மரத்தடியிற் காத்திராமல், அவர்களும் பக்கத்து அறையில் இருந்து தங்களுக்குள் பேசட்டும். தேநீருக்குரிய பொறுப்பை இளைஞர் பகுதி ஏற்கும்.

இன்னும் ஒன்று. வாசிகசாலை வாசலிலே படி மூன்று; ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில், சக்கர நாற்காலி ஏறுவதற்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் கட்ட வேண்டும். வேப்பமரத்தடியில் அதனை வளைத்து எடுக்கலாம், மரத்தை வெட்ட வேண்டியதில்லை என்று மேசன் வேலை தெரிந்த அங்கத்தவர் ஒருவர் அளந்து பார்த்துச் சொன்னார். கூலியும் வேண்டாம் என்றார். மணலுக்கும் கல்லுக்கும் சீமெந்துக்கும் உரிய பணத்தை எங்கே எடுப்பது என்பதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் முதலாவது விடயமாக எடுக்குமாறு தலைவர் அவர்களை வேண்டி அமர்கின்றோம்.