பூர்வகுடிகளுக்கும் ஓர் ஆசனம் வேண்டும்

(புக்கிட் தெங்கா கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தையும் போனஸையும் பேச வேண்டிய மேடையில் ஓராங் அஸ்லி மக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நம் பாடே பெரும்பாடாக இருக்கிறது, அவர்கள் விவகாரம் நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே எழுந்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் நம் பாட்டன்மாரின் கூலியை யார் நிர்ணயித்தார்கள்? 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்றக் கமிட்டியில் துரைமாரும் சர்க்கார் அதிகாரிகளும் உட்கார்ந்து, கூலிக்காரனுக்கு எத்தனை காசு போதும் என்று கணக்குப் போட்டார்கள். பால்மரம் வெட்டியவனுக்கு அந்த மேஜையில் இடமில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்த பிறகு, முதலாளிமார் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினோம். கேட்டவை எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் நம் விஷயம் நம் முன்னால் பேசப்பட்டது.

உலக அரங்கிலும் நமக்கு நாற்காலி உண்டு. 1919இல் அமைந்த சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஜெனீவாவில் ஆண்டுதோறும் மகாநாடு கூட்டுகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு பிரதிநிதிகள்: சர்க்காருக்கு இருவர், முதலாளிகளுக்கு ஒருவர், தொழிலாளிகளுக்கு ஒருவர். ஆக, தொழிலாளிக்கு வோட்டு உண்டு. பூர்வகுடி மக்களுக்கோ அங்கே இன்றும் தனி ஆசனம் கிடையாது.

அவர்கள் கேட்காமல் இருக்கவில்லை. 1923இல் கனடாவிலிருந்து தெஸ்காஹே என்ற பூர்வகுடித் தலைவர், தம் மக்களே கொடுத்த பாஸ்போர்ட்டோடு ஜெனீவாவுக்குச் சென்று, நாடுகளின் சங்கத்தில் பேச அனுமதி கேட்டார். சில சிறிய நாடுகள் ஆதரித்தன; பிரிட்டன் தடுத்தது. காத்திருந்தும் கதவு திறக்கவில்லை. 1925இல் நியூசிலாந்தின் மாவோரித் தலைவர் ரத்தானாவும் போனார். அவருக்கும் அதே மரியாதைதான்.

1957இல் தொழில் ஸ்தாபனமே பூர்வகுடிகளுக்காக 107ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அவர்களை மற்ற ஜனங்களோடு சேர்த்துக் கரைத்துவிடுவதே முன்னேற்றம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. ஆளை வைத்துக்கொள்ளாமல் அளவெடுத்துத் தைத்த சட்டை எப்படி இருக்கும்? அதை மாற்றி எழுத 32 ஆண்டுகள் ஆயின. 1989இல் வந்த 169ஆம் உடன்படிக்கை, அவர்களைப் பாதிக்கும் காரியங்களில் முதலில் அவர்களைக் கலந்து பேச வேண்டும் என்கிறது.

ஐக்கிய நாடுகள் சபையிலும் மெல்ல மெல்லக் கதவு திறந்தது. 1982இல் பூர்வகுடிகளுக்கான பணிக்குழு அமைந்தது. 1992 டிசம்பர் 10ஆம் தேதி சரவாக்கின் கெலாபிட் இனத்தவரான முத்தாங் ஊருட் நியூயார்க் சபை மண்டபத்தில் பேசினார். 2000இல் நிரந்தர அரங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் அங்கத்தினர் 16 பேரில் எட்டுப் பேர் சர்க்கார்கள் முன்மொழிந்தவர்கள், எட்டுப் பேர் பூர்வகுடி அமைப்புகள் முன்மொழிந்தவர்கள். 2007 செப்டம்பர் 13இல் பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. ஆதரவாக 144 நாடுகள், எதிராக நான்கு. நம் மலேசியா ஆதரித்தே வோட்டளித்தது.

தோழர்களே, வெளிநாட்டில் கை தூக்கினால் போதுமா? சிலாங்கூர் டிங்கிலுக்கு அருகே புக்கிட் தம்போய் கிராமத்தில் தெமுவான் மக்கள் வாழ்ந்த நிலத்தை, விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995இல் எடுத்தார்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் பயிருக்கும் நஷ்டஈடு கொடுத்தார்கள், நிலத்துக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்காடினார்கள். 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அந்த நிலம் அவர்கள் உரிமை என்றது. 2005இல் அப்பீல் கோர்ட்டும் அதையே சொன்னது. லயத்து வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வாங்கிய குடும்பங்களுக்கு இந்த வேதனை புரியும். தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தில், 'உனக்கு இங்கே என்ன பாத்தியதை?' என்று கேட்கிறார்களே, அதே கேள்விதான் அங்கேயும்.

இனி நம் வேலைக்கு வருகிறேன். ஒரு நாடு உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டு பிறகு மீறினால், தொழில் ஸ்தாபனத்தில் முறையீடு கொடுக்கும் உரிமை தொழிற்சங்கங்களுக்கும் முதலாளி சங்கங்களுக்கும் உண்டு. பூர்வகுடி மக்கள் நேரே கொடுக்க முடியாது. ஆகவே மெக்ஸிகோவில் ஹுய்சோல் மக்களின் நில விவகாரத்தை ஆசிரியர் சங்கப் பிரிவு ஒன்று கொண்டு போயிற்று. ஈக்வடாரில் ஷுவார் மக்களைக் கேளாமல் அவர்கள் பூமியை எண்ணெய்க் கம்பெனிக்கு ஒப்பந்தம் செய்தபோது, அந்நாட்டுத் தொழிற்சங்க சம்மேளனம் முறையிட்டது. அந்த மக்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற முடிவு 2001இல் வந்தது. சங்கத்தின் கதவு, சங்கம் இல்லாதவர்களுக்கும் பயன்பட்டது!

நம் நாட்டில் இந்த வழி இன்னும் அடைத்துக் கிடக்கிறது. 169ஆம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டவை 24 நாடுகள். ஆசியாவில் நேப்பாளம் ஒன்றுதான். மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே இக்கிளையின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, 169ஆம் உடன்படிக்கையை மலேசியா ஏற்கவேண்டும் என்று நம் சங்கமும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் சர்க்காரை வற்புறுத்த வேண்டும்.

இரண்டாவது, ஜெனீவா செல்லும் தொழிலாளர் பிரதிநிதியோடு ஆலோசகர்களும் போகலாம் என்று விதி இருக்கிறது. பூர்வகுடிகள் விஷயம் வரும் ஆண்டிலாவது, அவர்கள் தெரிந்தெடுத்த ஒருவரை ஆலோசகராக அழைத்துப் போகவேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். மனு எழுதுவதற்கு முன் அவர்களைப் போய்க் கேட்க வேண்டும். பக்கத்துக் கெடாவில், பாலிங் வட்டாரத்தில் கென்சியு மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று இங்கிருந்துகொண்டு நாமே தீர்மானித்தால், பழைய கமிட்டித் துரைமாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? 'சக்காய்' என்ற இழிசொல்லையும் இன்றோடு நம் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். மரியாதை இல்லாமல் போனால் யார் நம்மோடு பேசுவார்கள்?

நமக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர்கள் அடிபட்டார்கள், வேலை இழந்தார்கள், சிறை சென்றார்கள். அந்த நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். யாராவது ஒருவர் ஆமோதிக்கும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.