கையேந்தாத மாணவனின் பசி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவி குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்துள்ளனர். கல்லூரிக் கட்டணத்திற்கு உதவுவது பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். கட்டணம் செலுத்தப்பட்ட பின்னர் அந்த மாணவன் மூன்று வேளையும் உண்கிறானா என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இதற்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலேயே இக்கேள்வி பெரிதாக எழுந்து, அதற்கு ஒரு வழியும் காணப்பட்டிருக்கிறது. நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் சென்று படிக்கும் நாடும் அது.

அமெரிக்க நாடாளுமன்றத்திற்காகக் கணக்காய்வு செய்யும் அரசு அலுவலகம் 2024ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டின் விவரங்களின்படி, கல்லூரி மாணவர்களில் 23 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 38 இலட்சம் பேர், போதிய உணவுக்கு உறுதியற்ற நிலையில் இருந்தனர் என்கிறது அவ்வறிக்கை. இவர்கள் தெருவில் கிடப்பவர்கள் அல்லர். வகுப்பில் நம் பிள்ளையின் அருகில் அமர்ந்திருப்பவர்கள். வீட்டு வாடகையும் கட்டணமும் புத்தகச் செலவும் முதலில் போய்விடுகின்றன. குறைக்கக்கூடியது வயிறு ஒன்றுதான் என்று அவர்கள் ஒரு வேளை உணவை விட்டுவிடுகின்றனர். அங்குள்ள மாணவர் எல்லோரும் பெற்றோரின் நிழலில் வாழ்பவர்களும் அல்லர். 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி அவர்களில் 22 சதவீதத்தினருக்குத் தாம் காப்பாற்ற வேண்டிய குழந்தைகள் இருந்தனர்.

இந்நிலையைக் கண்டு கல்லூரிகள் உணவுக் கிடங்குகளை அமைத்தன. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே 1993ஆம் ஆண்டில் அத்தகைய கிடங்கைத் தொடங்கினர். இன்று நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் இவை உள்ளன. நன்கொடையாக வந்த அரிசி, டப்பா உணவு, ரொட்டி ஆகியவற்றை மாணவர் எடுத்துச் செல்லலாம். இது நற்பணி என்பதில் ஐயமில்லை. எனினும் மூன்று குறைகள் உண்டு. கிடங்கு திறந்திருக்கும் நேரத்தில் மாணவனுக்கு வகுப்போ வேலையோ இருக்கும். அங்கே இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அவன் உடலுக்கும் மார்க்கத்திற்கும் ஒத்தது கிடைக்கும் என்ற உறுதியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பையுடன் வெளியே வரும்போது நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் அவனைத் தடுக்கிறது.

இக்குறைகளைத் தீர்க்கும் நோக்குடன் வந்ததே மளிகைப் பொருள் வாங்குவதற்கான மின்னணு அட்டை. கல்லூரியின் மாணவர் நல அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, ஒரு குறிப்பிட்ட தொகை அடங்கிய எண்ணை மாணவனின் மின்னஞ்சலுக்கோ செல்பேசிக்கோ அனுப்பிவிடும். அவன் கடைக்குச் சென்று, வேண்டிய பாலையும் பருப்பையும் காய்கறியையும் தானே தேர்ந்தெடுத்து, செல்பேசியைக் காட்டிக் கணக்கை முடிப்பான். பின்னால் நிற்பவருக்கு அவன் மற்றவரைப் போன்ற ஒரு வாடிக்கையாளன், அவ்வளவே. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் வளாகங்கள் மூடப்பட்டபோது, கிடங்குக்கு வர இயலாத மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் இவ்வாறே உதவின.

அரசின் உதவியும் இதே பாதையில்தான் வந்தது. ஏழைகளுக்கு உணவுக்காக அமெரிக்க அரசு முன்பு காகிதக் கூப்பன்களை வழங்கி வந்தது. 1984ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் அதற்குப் பதிலாக மின்னணு அட்டை சோதித்துப் பார்க்கப்பட்டது. 2004ஆம் ஆண்டிற்குள் எல்லா மாநிலங்களிலும் அட்டை வந்துவிட்டது. முறைகேட்டையும் நிர்வாகச் செலவையும் குறைப்பது அரசின் நோக்கம். ஆனால் கூப்பனை எண்ணிக் கொடுக்கையில் ஊரார் பார்வை தன்மீது விழுந்த நிலை மாறியது, வாங்குவோர் பெற்ற பெரும்பயன்.

அட்டை வந்தால் பசி தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பாதி நேரமோ அதற்கு மேலோ கல்லூரியில் பயிலும் மாணவர்களுக்கு இந்த அரசு உதவி பொதுவாகக் கிடையாது. வாரம் 20 மணி நேரம் வேலை செய்பவர், சிறு குழந்தையை வளர்ப்பவர் போன்ற சிலருக்கே விதிவிலக்கு உண்டு. விதிகள் சிக்கலானவை, தமக்குத் தகுதி உண்டென்று அறியாதவர் பலர். உணவுக்குத் தவித்து, உதவிக்குத் தகுதியும் பெற்றிருக்கக்கூடிய மாணவர்களில் 59 சதவீதத்தினர் அதனைப் பெறவில்லை என்று நான் சொன்ன அறிக்கையே கூறுகிறது. உதவி இருக்கிறது, பசியும் இருக்கிறது, இரண்டும் சந்திக்கவில்லை.

கல்லூரி தரும் அட்டைக்கும் எல்லை உண்டு. அருகில் கடை இல்லாதவனுக்கும், விடுதி அறையில் அடுப்பு இல்லாதவனுக்கும் அதனால் பாதிப் பயனே. ஒருமுறை தரும் சிறுதொகை ஒரு மாதத்தைக் கடத்தலாம், ஓராண்டைக் கடத்தாது. அட்டையின் இரகசிய விவரங்களைத் திருடுவோரும் உண்டு. அரசு அட்டைகளில் இத்திருட்டு பெருகியதால், கலிஃபோர்னியா மாநிலம் 2025ஆம் ஆண்டில் பாதுகாப்புச் சில்லு பொருத்திய அட்டைகளை வழங்கத் தொடங்கியது.

சகோதரர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம். 2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தனர். மாணவர் விசாவில் சென்றவர்களுக்கு அரசின் உணவு உதவி அட்டை கிடையாது. கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரத்திற்கு மேல் அவர்கள் வேலை செய்யவும் முடியாது. கடன் வாங்கி அனுப்பிய தந்தையிடம் பசிக்கிறது என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? ஆகவே பிள்ளைகளை அங்கு அனுப்பியிருப்போர், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். கல்லூரியில் உணவுக் கிடங்கும் மளிகை அட்டையும் உண்டா, வெளிநாட்டு மாணவருக்கும் தருகிறார்களா என்று மாணவர் நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். அது இரப்பதன்று, மாணவனுக்காகவே அமைக்கப்பட்ட ஏற்பாடு.

நம் நிர்வாகத்தின் முன்பும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவ மாணவியருக்கான உதவியைக் கணக்கிடும்போது, கட்டணத்துடன் உணவுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இரண்டாவது, மேடைக்கு அழைத்துப் பையாகவோ காசோலையாகவோ கொடுக்காமல், அந்த உணவுத் தொகையை மாதந்தோறும் அவர்களுடைய வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்துங்கள். மூன்றாவது, உதவி பெற்றோரின் பெயரும் படமும் இந்த ஆண்டு மலரில் இடம்பெற வேண்டாம். எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை என்பதை மட்டும் கணக்கில் காட்டினால் போதும். தணிக்கையாளர் பட்டியலைப் பார்க்கட்டும். ஊர் பார்க்க வேண்டியதில்லை. பொருள் தந்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. பெற்றவரின் முகத்தைக் காணும் உரிமை இல்லை.

மறைவாகச் செய்யும் தர்மத்தின் சிறப்பை இச்சபைக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கல்லூரி, செல்பேசியில் ஓர் எண்ணை அனுப்பி ஒரு மாணவனின் மானத்தைக் காக்கிறது. பக்கத்துத் தெருவில் இருப்பவரின் மானத்தை நாம் காப்பதற்கு அவ்வளவு பெரிய கருவிகூட வேண்டியதில்லை. பெற்றவர் யாரென்று வெளியே சொல்லாமல் இருந்தாலே போதும்.

பசித்தவரின் பசியைத் தீர்த்து, அவருடைய கண்ணியத்தையும் காக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.