ஔடதம் அளிப்போர்க்கு அபயம் அளிப்போம்

(தசலட்சண விழாவின் முதல் நாளில் ஆற்றிய உரை)



இன்று உத்தமப் பொறையைச் சிந்திக்கும் நாள். பொறுமையைப் பற்றி ஆலயத்தில் அமர்ந்து பேசுவது எளிது. அது கடுமையாகச் சோதிக்கப்படும் இடங்களுள் ஒன்று மருத்துவமனை. ஆகவே, நோயாளிகளாலும் அவர்தம் உறவினராலும் மருத்துவர்களும் செவிலியர்களும் தாக்கப்படுவதைக் குறித்துப் பேச விழைகிறேன்.

நம் அறநூல்கள் தானத்தை நான்காக வகுக்கின்றன: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். நமக்கு ஔடதம் அளிப்பவர் நம்மிடம் எதிர்பார்ப்பது அபயம் ஒன்றையே. "அவர்கள் ஊதியம் பெறுகிறார்களே" எனச் சிலர் கேட்கலாம். ஊதியம் உழைப்புக்கு உரியது; அடியையும் வசையையும் தாங்குவதற்காக எவருக்கும் ஊதியம் தரப்படுவதில்லை.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', தன் இறுதிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புகளாக நால்வகையைக் கூறுகிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நோயாளியுடன் இருப்பவரும் மருத்துவத்தின் கால்பங்கு என்பது அதன் கருத்து. அந்தக் கால்பங்கினராகிய நாமே இன்று மருத்துவத்துக்கு அச்சுறுத்தலாகிவிட்டோம்.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவது ஜாமீனில் விட இயலாத குற்றம். 2008ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அதன் பின்னரும் 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் பெண் மருத்துவர் ஒருவர், இறந்துபோன நோயாளியின் கணவரால் கொலையுண்டார். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, சிகிச்சை பெற்ற பெண்மணியின் மகன் கத்தியால் குத்தினார். அந்த மருத்துவர் உயிர் பிழைத்தார். சட்டம் வேண்டும். ஆயினும் அது கை ஓங்கிய பின்னரே வருகிறது. கை ஓங்குமுன் வர வேண்டியது நம் அடக்கம்.

இதனைப் பிறரைச் சுட்டிக்காட்டிப் பேச எனக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனார் கடும் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நள்ளிரவில் அவருக்கு அறிவு மயங்கியது. ஊசி செலுத்த வந்த செவிலியின் கையில் ஓங்கி அடித்தார். அப்பெண் சற்றே விலகி நின்றார். விளக்கை ஏற்றினார். அண்ணனின் மூக்குக் கண்ணாடியை அணிவிக்குமாறு என்னிடம் கூறினார். "ஐயா, இது ஆஸ்பத்திரி. உங்கள் தம்பி பக்கத்திலேயே இருக்கிறார்" என்று மெல்லிய குரலில் பன்முறை சொன்னார். அண்ணன் அடங்கினார்.

அடங்காதவன் நான். மருத்துவர் ஒரு மணி நேரமாக வரவில்லை என்று அச்செவிலியைக் கூவி வைதேன். மேசையைக் கையால் அறைந்தேன். "உன்னை என்ன செய்கிறேன் பார்" என்றேன். மருத்துவர் அவ்வேளையில் அடுத்த அறையில் நின்றுபோன இதயம் ஒன்றை மீட்கப் போராடிக்கொண்டிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. தன்னை அடித்த நோயாளியைக் கண்டு அஞ்சாத அப்பெண், அடிக்காத என்னைக் கண்டு நடுங்கினார்.

அண்ணன் செய்தது நோயின் செயல். முதுமையில் காய்ச்சல், இரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ குறைதல், தலைக்காயம், குடிப்பழக்கம் உள்ளவர்க்கு மது திடீரென நின்றுபோதல் ஆகிய இவை அறிவை மயக்கும். அதற்கு வேண்டுவது சிகிச்சை. நான் செய்ததோ சங்கல்ப இம்சை. மனத்தால் எண்ணி, மொழியால் செய்தேன். மெய்யால் செய்வதற்கு ஓரடியே எஞ்சியிருந்தது.

என் பின்னால் உறவினர் ஐவர் நின்றனர். இருவர் என்னுடன் சேர்ந்து கூவினர். மூவர் வாளா நின்றனர். செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகை என்பதைச் சிறுவயது முதல் கேட்டவர்கள் நாங்கள். அன்றிரவு மூன்றும் அவ்வறையில் நிகழ்ந்தன.

ஆகவே, ஒவ்வோர் இல்லமும் சில நெறிகளை மேற்கொள்ளலாம். மருத்துவருடன் பேச நிதானமான ஒருவரை மட்டும் அமர்த்துங்கள். மற்றவர் கூட்டமாகச் செல்ல வேண்டா. ஐயங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக் கேளுங்கள். அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி அன்றி, உயிருக்குள்ள ஆபத்தின் வரிசைப்படியே கவனிப்பார்கள் என்பதை முன்னமே அறிந்திருங்கள். உடனிருப்பவர் குரல் உயர்ந்தால், முட்டி இறுகினால், நிலைகொள்ளாது நடந்தால், அவர் தோளைப் பற்றி வெளியே அழைத்துச் செல்லுங்கள். குறை இருப்பின் எழுத்தில் முறையிடுங்கள். அதற்கு மருத்துவக் கவுன்சிலும் நுகர்வோர் ஆணையமும் உள்ளன.

மருத்துவமனைகளுக்கும் கடமை உண்டு. காத்திருப்போருக்குத் தாமதத்தின் காரணத்தை அவ்வப்போது கூற வேண்டும். கட்டண மதிப்பை முன்னரே தெரிவிக்க வேண்டும். இறப்புச் செய்தியை நடைவழியில் நின்று சொல்லாது, தனியறையில் அமர வைத்து மூத்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். இரவில் இளம் செவிலியைத் தனியே விடலாகாது. சினந்தவர் முன் இரு கை தூரம் விலகி, வெளியேறும் வழி தமக்கு மறைபடாமல் நின்று, தாழ்ந்த குரலில் பேசும் பயிற்சியை அனைத்துப் பணியாளர்க்கும் அளிக்க வேண்டும்.

மூன்று திங்களுக்குப் பின் மன்னிப்புக் கேட்க அம்மருத்துவமனைக்குச் சென்றேன். அச்செவிலி வேலையை விட்டுப் போயிருந்தார். ஊர் தெரியவில்லை, பெயரையும் அன்று நான் கேட்டிருக்கவில்லை. ஆண்டுதோறும் இப்பருவத்தில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகிறோம். யான் வேண்டும்போதெல்லாம் அந்த ஒருயிரின் முன்னே நாக் குழறுகிறது. கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டிய நாளில் கேட்கத் தவறிவிட்டேன். உங்களுள் எவருக்கும் அந்நிலை வர வேண்டா.